நாற்பது வளைவுகளும் அப்பாவும்

நேற்று தந்தையர் தினம். டைம்லைன் முழுக்க அப்பாக்கள். சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அப்பா, கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக்கொடுத்த அப்பா, வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டிய அப்பா. படித்துப் பல இடங்களில் கண் கலங்கிவிட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் ராத்திரி படுத்த பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய எல்லாப் பதிவிலும் அப்பா எதையாவது விட்டுக்கொடுத்தவராக மட்டுமே வருகிறார். அவருக்கு என்ன தெரியும், எதில் கெட்டிக்காரர், எந்த விஷயத்தில் யார் சொன்னாலும் அசையமாட்டார் என்று எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

எனக்காக அப்பா பட்ட கஷ்டத்துக்கெல்லாம் ஆயுசுக்கும் நன்றி உண்டு. அவர் மேல் இருக்கும் மரியாதை மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. அவர் வேலை பார்த்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்பா அரசு பஸ் டிரைவர். பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டில் பல வருஷம் ஓட்டியவர். சுமார் 64 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாரைத் தாண்டினால் மலை ஆரம்பித்துவிடும், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய பலகை நிற்கும். ஒன்பதாவது வளைவில் வரையாடு பார்க்கலாம், கீழே ஆழியார் அணை தட்டு மாதிரி தெரியும். டூரிஸ்டுகள் இறங்கி போட்டோ எடுப்பார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

1994, ஐந்தாவது முழுப்பரீட்சை லீவு. என்னை ஒரு நாள் கூட்டிப் போனார், அன்றைக்கு நைட் ஹால்ட். டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சின் சூடு காலில் ஏறும் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பார்க்கிற அப்பா ஓயாமல் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். ஆழியார் செக்போஸ்ட் தாண்டியதும் அந்த அப்பா காணாமல் போய்விட்டார். வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே கழுத்தை உயர்த்தி மேல் ரோட்டைப் பார்ப்பார். ஏதாவது இறங்கி வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு ஹாரன். வளைவுக்குள் போய் கியர் மாற்றவே மாட்டார், முன்னாலேயே மாற்றிவிட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். முன்கை நரம்பு புடைத்து, உடம்பு மொத்தமும் சாய்ந்து திரும்பும். பின்னால் ஐம்பது அறுபது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்தாவது வளைவோ பதினாறோ, தேயிலை லோடோடு ஒரு லாரி மேலேயிருந்து வந்தது. அப்பா அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிறுத்தினார். மலைப்பாதையில் இடம் பத்தாவிட்டால் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இதை அவரே எனக்கு முன்பு சொல்லியிருந்தார். அதனால் கேட்டேன், "அவங்கதானேப்பா நிக்கணும்?" அப்பா லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "சட்டப்படி அவன்தான் நிக்கணும் கண்ணு. ஆனா அவனுக்கு பிரேக் எவ்வளவு சூடாயிருக்குன்னு நமக்குத் தெரியாதில்ல?"

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அதனால்தான் "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு" என்பார்கள். வண்டியை இஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக் கடைசிக்குத்தான். எதிரே வருகிறவன் அப்படித்தான் இறங்குகிறானா என்று அப்பாவுக்குத் தெரியாது. தெரியாததால் ஒதுங்கினார். உரிமை தன் பக்கம் இருந்தும் அவர் ஒதுங்கியதை அந்த வயதில் பயம் என்று நினைத்துவிட்டேன். சரியாகப் புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

அன்றைக்கே இன்னொன்று. சாயங்காலம் வால்பாறையிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் கடைசி ட்ரிப். மூடுபனி, முகப்பு வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாத அளவுக்கு. ஒரு திருப்பத்தில் ஒரு அக்கா மட்டும் இறங்கினார், தோளில் பை, கையில் தூக்குப்போசி. கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகரவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் நேராக, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகும் மண் பாதையில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அந்த அக்கா விறுவிறுவென்று நடந்து போனார். சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர். இருட்டில் தேயிலைச் செடிக்குள் என்ன படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? "ஏப்பா நிக்கிறோம்?" என்றேன். "அந்தக்கா வீட்டுக்குப் போகட்டும்" என்றார். தூரத்தில் ஒரு கதவு திறந்து மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கியர் விழுந்தது. பஸ்ஸில் இருந்த யாரும் ஒன்றும் பேசவில்லை. எல்லோருக்கும் பழக்கமான நிறுத்தம் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு நாளும் அப்பா இதைச் சொன்னதில்லை. அம்மாவுக்கே என் வழியாகத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் அப்பா பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஏர் கேஜைப் பார்த்தார், இறங்கி டயரைத் தட்டினார். மறுபடியும் ஏறி மிதித்தார். ஏதோ சரியில்லை. "மெக்கானிக் பாத்தாத்தான் எடுப்பேன்" என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ்ஸில் இருந்தவர்கள் கோபப்பட்டார்கள். பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், எல்லோருக்கும் அவரவர் அவசரம். ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்பா ஏன் திருப்பிப் பேசவில்லை என்று. அவர் மெக்கானிக்கோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்தபோது சட்டை முதுகெல்லாம் கிரீஸ். கையைத் துடைத்துக்கொண்டு, மிதித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு எடுத்தார். திட்டிய மனிதர் பொள்ளாச்சி வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

அப்பாவிடம் குறை இல்லையா? இருக்கிறது. எங்கள் வீட்டு தீபாவளிகள் பாதி அவர் இல்லாமல் நடந்தவை. பண்டிகைக் கூட்டத்துக்கு ஸ்பெஷல் பஸ் விட்டால் டிரைவருக்கு ஏது லீவு? என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது பெரும்பாலும் அம்மா. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை மறைத்து அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை.

பேர் பெற்ற பிள்ளைகளின் அப்பாக்களைப் பற்றிப் பேசும்போதும் நாம் இதையேதான் செய்கிறோம். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் செஸ் உலக சாம்பியன் ஆனபோது, காது மூக்கு தொண்டை டாக்டரான அவர் அப்பா தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு போட்டிகளுக்குப் போனதை எல்லோரும் தியாகம் என்று எழுதினோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்தக் கணிப்பு. இந்தப் பையனால் முடியும், இப்போது கூட இருந்தாக வேண்டும் என்று கண்டுகொண்டு, சம்பாத்தியத்தை குகேஷின் அம்மா பார்த்துக்கொள்ள, இருவருமாக எடுத்த முடிவு. நூறு வருஷத்துக்கு முன்னால் போனாலும் அப்படித்தான். சிறு வயதிலேயே விதவையான சுப்புலட்சுமியை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார் அவர் அப்பா. 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரியாக, மாநிலக் கல்லூரியிலிருந்து அவர் வெளியே வந்தார். பிறகு 'சிஸ்டர் சுப்புலட்சுமி' என்று எத்தனை இளம் விதவைகளுக்கு வழி திறந்தார்! ஊரே ஒரு பக்கம் நின்றபோது மகள் பக்கம் நின்ற அந்தத் தெளிவை, வெறும் பாசம் என்று சொல்லிவிட முடியுமா?

உங்கள் அப்பா தறி போட்டவராக இருக்கலாம், மளிகைக்கடை கல்லாவில் உட்கார்ந்தவராக இருக்கலாம், லைன்மேனாக இருக்கலாம். அவர் உயிரோடு இருந்தால், "எனக்காக என்னப்பா விட்டுக்கொடுத்தீங்க?" என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டார், கூச்சப்படுவார். அந்த வேலையில் எது கஷ்டம், எதைப் பார்த்துப் பார்த்துச் செய்வார் என்று கேளுங்கள். என் அப்பா ஏர் பிரேக் பற்றி ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

2011இல் 58 வயதில் ரிட்டயர் ஆனார். போன டிசம்பரில் காரில் அவரை வால்பாறை கூட்டிப் போனேன். நான்தான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அவ்வப்போது மிதித்துக்கொண்டிருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அட்டகட்டிக்குக் கொஞ்சம் முன்னால், மேலேயிருந்து லோடு லாரி ஒன்று இறங்கி வந்தது. இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தினேன். லாரிக்காரர் தாண்டும்போது எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் உயர்த்துவதற்குள் அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே கையை நீட்டி உயர்த்தினார்.