அது சரி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக வாழ்த்து மழை. அண்ணன் மகன் மாநிலப் பதினாறு வயதுக்குட்பட்டோர் காற்பந்துக் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறான். பெரியப்பா ஒருவர் 'அடுத்த சூப்பர் மொக்' (மலேசியாவின் பழைய கோல் நாயகன் மொக்தார் டஹாரியின் பட்டப்பெயர்) என்று எழுதிப் பத்துக் கைதட்டல் போட்டிருக்கிறார். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. நேற்று இரவு அண்ணி போன் பண்ணி, "என்ன, மருமகன் மேல கோவமா?" என்று கேட்டே விட்டார்.

கோபமெல்லாம் இல்லை அண்ணி. பதில் கொஞ்சம் நீளம், வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் வயதுக்காரர்கள் பலருக்கு என் அண்ணனைத் தெரியும். தெரியாதவர்களுக்கு, ஒன்பதாம் எண் சட்டை போட்டு ஒரு மாநிலக் குழுவுக்கு 2005 முதல் 2010 வரை ஆடியவர். முன்வரிசை ஆட்டக்காரர், கோல் போடுவதுதான் வேலை. எந்த மாநிலம் என்பது வேண்டாம். அந்த நிர்வாகத்தில் அன்றிருந்த யாரும் இன்று அங்கே இல்லை, சண்டை போடவும் எனக்கு நேரமில்லை.

நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் திடல் கோயிலுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் நல்ல சரிவு. டாஸ் ஜெயித்தால் அண்ணன் முதல் பாதியில் மேட்டை நோக்கித்தான் ஆடுவார். இரண்டாம் பாதியில் எதிராளிகள் களைத்துப்போய் மேடேறும்போது இவருக்குப் பந்து தானாக உருண்டு வரும். பதிமூன்று வயதில் கண்டுபிடித்த தந்திரம். ஈரமான பூட்ஸுக்குள் பழைய தமிழ் நேசன் நாளிதழைத் திணித்து அடுப்படியில் காயவைப்பது என் வேலை. அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும். ஒரு முறை வைத்தேன். இன்று வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அப்பா முதலில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் பால் எடுத்தார், பிறகு செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை. அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்துக்குத் தோட்டம் பந்துப் போட்டி நடக்குமாம். நன்றாகக் கோல் போடுகிற பையனைப் பக்கத்துத் தோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, மரம் வெட்டும் நிரையிலிருந்து எடுத்து ஸ்டோரில் லேசான வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்களாம். வெளியிலும் அப்படித்தான். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வங்கியிலோ போலீசிலோ மின்சார வாரியத்திலோ வேலை பார்த்தவர்கள். சாயங்காலம் பந்து. கால் உடைந்தாலும் நாற்காலி இருந்தது.

1989-இல் லீக் பாதித் தொழில்முறை ஆனது, 1994-இல் முழுத் தொழில்முறை. எல்லோரும் அதை வளர்ச்சி என்று கொண்டாடினோம். வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று நடந்தது, அதை எங்கள் மாதிரி வீடுகளில் யாரும் கவனிக்கவில்லை. முன்பு பந்து ஆடினால் வேலை கிடைத்தது. இப்போது பந்துதான் வேலை. அப்படியென்றால் வேலைக்கு என்னென்ன கேட்போமோ அதையெல்லாம் பந்துக்கும் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. கோலை மட்டும் எண்ணினோம்.

கேட்ட ஒரே ஆள் அண்ணியின் தாய்மாமா.

2008-இல் பெண் கேட்டுப் போயிருந்தோம். வடை, கேசரி எல்லாம் வந்தாயிற்று. மாமா அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றார்.

"பந்து ஆடுறான்" என்று எங்கள் அம்மா பெருமையாகச் சொன்னார்.

"அது சரிம்மா. என்ன வேலை?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். அண்ணன் காற்றில் பாய்ந்து தலையால் முட்டுகிற படம். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், நல்லா இருக்கு என்றார், திருப்பிக் கொடுத்தார். பிறகு இன்னொன்று கேட்டார் பாருங்கள்: "இந்தப் பந்து ஆடுறவங்க காசு வாங்கிக்கிட்டுத் தோத்துடுவாங்களாமே?" 1994-இல் வெடித்த சூதாட்ட விவகாரத்தில் நிறைய ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டார்கள். பதினான்கு வருடம் கழிந்தும் அது கல்யாணப் பேச்சில் வந்து உட்கார்ந்தது. திரும்பி வரும்போது காரில் அம்மா அந்த மாமாவைத் திட்டாத திட்டில்லை. நானும் சேர்ந்துதான் திட்டினேன்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

அதற்கு நடுவில் ஒரு நல்ல காலம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2009 முதல் 2011 வரை நம் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் எந்தக் குழுவும் முதலில் எடுப்பது கோல் போடுகிறவனைத்தான். அந்த இடம் திடீரென்று காலியானது. அதுவரை எழுபதாவது நிமிடத்தில் இறங்கிக்கொண்டிருந்த அண்ணன் முதல் நிமிடத்திலிருந்து ஆடினார், பதினொரு கோல் போட்டார். பட்டணத்தில் ரொட்டி சானாய் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மாட்டார். அதே அண்ணன் மூன்று ஆட்டம் தொடர்ந்து கோல் போடாமல் போனால் காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, "என்ன தம்பி, காலுக்கு எண்ணெய் போடலியா?" என்பார். தடுப்பாட்டக்காரன் ஒரு பருவம் முழுக்கச் சுமாராக ஆடினாலும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. முன்வரிசைக்காரனின் தவறு மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் வலைக்கு முன்னால் நடக்கிறது. அதுவும் அவனுக்கு யாராவது பந்து கொடுத்தால்தான். கொடுக்காத அன்றைக்கும் திட்டு அவனுக்குத்தான்.

சம்பளம் மாதம் 2,500 வெள்ளி (ரிங்கிட்). ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு, அதாவது பத்து மாதம். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அங்கிருந்த பெண் அண்ணனோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். பத்து மாத ஒப்பந்தத்துக்கு முப்பது வருடக் கடன் தர முடியாது என்றும் சொன்னாள். கார்க் கடன் மட்டும் கிடைத்தது.

2010 ஆகஸ்ட். பயிற்சியில், ஆட்டத்தில்கூட இல்லை, திரும்பும்போது முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை. பூட்ஸ் புல்லில் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, அவ்வளவுதான். மருத்துவர் ஒன்பது மாதம் என்றார். ஒப்பந்தத்தில் மிச்சம் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் முதல் மாதச் சம்பளம் வந்தது. மற்ற இரண்டும் 'அடுத்த வாரம்', 'அடுத்த வாரம்' என்றே போனது. பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். இன்று தேர்வாகியிருக்கிறானே, அவன்தான்.

நான் அப்போது ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்து இரண்டு வருடம். ஆட்களின் சேமநிதிக் கணக்கைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்கட்டும் என்று, அண்ணனின் சம்பளச் சீட்டுகளையும் சேமநிதி அறிக்கையையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தேன். சீட்டில் மாதா மாதம் பிடித்திருக்கிறார்கள். அறிக்கையில் பதினான்கு மாதம் வெறும் கோடு. பிடித்த காசு போய்ச் சேரவே இல்லை. குலை வெட்டும் ஆளுக்கு ஒரு மாதம் தாமதமானாலே எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். பத்தாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்துகிற மனிதனுக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை.

கணக்குத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்றைய விகிதத்தில் 2,500 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 275 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 325 வெள்ளி. ஆக மாதம் 600. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கலாம் என்றேன். அண்ணன் வேண்டாம் என்றார். "புகார் குடுத்தவன்னு பேர் வந்துட்டா வேற எந்தக் குழுவும் எடுக்காது தங்கச்சி." கால் சரியாகிவிடும், மறுபடி ஆடலாம் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த டிசம்பரை மறக்க முடியாது. தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டம், இரண்டு சுற்று. 26-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தோம். 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-2 தோற்றும், இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டினால் கிண்ணம் நமக்கே. மலேசியாவின் முதல் சுசுகி கிண்ணம், பயிற்றுநர் நம் கே. ராஜகோபால். ஊரே ஹார்ன் அடித்துக்கொண்டு சுற்றியது. 31-ஆம் தேதி பொது விடுமுறைகூட விட்டார்கள். அண்ணன் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். நான் பந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். "பந்தைப் பாக்காத. சஃபீயை மட்டும் பாரு" என்றார். பார்த்தேன். பந்து எங்கோ இருக்கும்போதே சஃபீ சாலி தடுப்பாட்டக்காரனின் முதுகுப் பக்கம் நழுவி நழுவிப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தொடர் முழுவதிலும் அவருக்கு ஐந்து கோல். "அந்த எடத்துக்குப் போறதுதான் வேலை. அடிக்கிறது கடைசில" என்றார் அண்ணன். கடைசி விசில் ஊதியதும் எழுந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். அம்மா பின்னால் போகப் பார்த்தார், அண்ணி கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

மறு வருடம் கார் போனது. வங்கி ஆட்கள் விடியற்காலையில் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். 2012-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணனுக்கு வயது இருபத்தெட்டு. ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை, அப்புறம் லாரி. இப்போதும் லாரிதான்.

சூப்பர் மொக் என்று எழுதிய பெரியப்பாவுக்கு ஒன்று. மொக்தார் டஹாரி நாட்டுக்காக 142 ஆட்டத்தில் 89 கோல் என்பது உங்களுக்கு மனப்பாடம். 1991-இல் முப்பத்தேழு வயதில் நரம்பு நோயில் இறந்தார். அந்த நோய் என்னவென்று கடைசிவரை ரசிகர்களுக்குச் சொல்லப்படவில்லை. கோல் எண்ணிக்கை மட்டும்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. என் அண்ணன் மொக்தார் இல்லை, ஒப்பிடவும் இல்லை. நாம் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, பையனைப் போகவிடாதே என்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டு அரையிறுதியில் 87-ஆவது நிமிடம் என். தனபாலன் தலையால் முட்டி இந்தோனேசியாவைக் கவிழ்த்தாரே, அன்றைக்கு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) மேசைமேல் ஏறியவர்களில் நானும் ஒருத்தி. ஏழு வயது மருமகனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவனுக்கு இந்த ஆசை வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. போகட்டும். ஆனால் வேலைக்குப் போகிற மாதிரி போகட்டும்.

இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிச் சூப்பர் லீக் வரை வந்த குழு 2022 பருவத்தோடு விலகிவிட்டது. 2025-இல் நம் பேராக் குழுவும் லீக்கில் இல்லாமல் போனது. முதலாளியே இல்லாமல் போகக்கூடிய தொழில் இது. அதனால் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிக்கட்டும், ஒரு கைத்தொழில் படிக்கட்டும். பெரியவனாகி ஒப்பந்தம் போட்டால், சேமநிதி அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் காட்டட்டும். அப்புறம் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டு, அப்படியும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற ஃபிஃபா விதி இடம் தருகிறது. 2018-இல் வந்த விதி. அண்ணன் காலத்தில் இருந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

அண்ணி, நீங்கள் போனை வைத்ததும் நான் அங்கே வந்தேன், தெரியும்தானே. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். குழுவிலிருந்து வந்த கடிதம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பக்கம், மலாயில், கடைசியில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடம். அண்ணன் ஆறு வருடத்தில் ஆறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். நேற்று பையன் பேனாவை நீட்டினான். அண்ணன் வாங்கவில்லை. கடிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, வரிக்கு வரி விரலை வைத்து மெதுவாகப் படித்தார். முதல் பக்கம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார்.

"கால் உடைஞ்சா யார் பாப்பான்னு எங்கடா போட்டிருக்கு?" என்றார்.

பையன் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் கிடைக்கவில்லை.

"உள்ளே என் கண்ணாடி இருக்கு, எடுத்துட்டு வா."