பூவுக்கு முன்னால் புகை இருந்தது

ஸாலிப்யே கிராமத்துப் படங்கள் மறுபடியும் சுற்றி வருகின்றன. போலந்தின் தென்பகுதியில், டார்னுவ் நகரத்துக்கு வடக்கே இருக்கும் சின்ன ஊர். வீட்டுச் சுவர், கிணறு, கோழிக்கூடு, நாய்க்கூண்டு என்று கண்ட இடமெல்லாம் பூ. ‘தேவதைக் கதையில் வரும் ஊர்’ என்று எழுதிப் பகிர்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தைதான் உறுத்துகிறது.

அந்த ஊர் வீடுகளில் ஒரு காலத்தில் புகைபோக்கியே கிடையாது. அடுப்புப் புகை கூரை ஓட்டை வழியாக வெளியே போனதுபோக, மிச்சமெல்லாம் சுவரில் கரியாகப் படிந்தது. விறகடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கரி தேய்த்தாலும் லேசில் போகாது. சரி, போகாததை மறைப்போம் என்று பெண்கள் சுண்ணாம்பைக் கரைத்து, கரியின்மேல் வெள்ளைத் திட்டுகளாக அப்பினார்கள். ஆரம்பம் அதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. சுவர் வெளுத்தது, திட்டுகள் பூக்களாயின. மாட்டுவால் முடியைக் குச்சியில் கட்டினால் தூரிகை. கரி, களிமண், சுண்ணாம்பு, துணிக்குப் போடும் நீலம், இவைதான் வண்ணம்.

ஃபெலிட்சியா சுரிவோவா என்ற பெயரை அந்தப் படங்களுக்குக் கீழே யாராவது எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1904இல் பிறந்து 1974இல் மறைந்த உழவர் வீட்டுப் பெண். தன் வீட்டுச் சுவர், கூரை உத்தரம், அடுப்பு எதையும் விடாமல் வரைந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனார். அவர் வீடு இன்று அருங்காட்சியகம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து நொந்து கிடந்த நாட்டில், 1948இல் இங்கே வீடு வரையும் போட்டி தொடங்கினார்கள். இன்றும், கத்தோலிக்கர்கள் மே, ஜூன் வாக்கில் கொண்டாடும் நற்கருணைத் திருநாளை ஒட்டித்தான் நடக்கிறது. அந்தச் சமயத்தில்தான் வயல்வேலை கொஞ்சம் ஓயும். வரைவதற்கென்று தனியாக நேரம் வாய்த்த பெண்கள் இல்லை இவர்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே கிடைத்த சில நாட்களில் வரைந்தவர்கள்.

‘நாட்டுப்புறக் கலை’ என்ற ஒற்றைச் சொல்லில் இவர்களைப் பெயரில்லாத கூட்டமாக ஆக்கிவிடுகிறோம். அந்த ஊரில் அப்படிச் சொல்வதில்லை. பெண் ஓவியர்களை ‘மலார்கி’ என்கிறார்கள். அவர்கள் கூடி வேலை செய்வதற்கென்று 1970களில் கட்டிய பொதுக் கட்டடத்தின் வாசலில் இருக்கும் பெயரும் அதுதான்: ‘பெண் ஓவியர்களின் இல்லம்’.