எமிலி காரின் வரையப்படாத ஆண்டுகள்

கனடிய ஓவியர் எமிலி காரைப் பற்றிய கட்டுரையில், 1927இல் ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிதான் அவரை ஓவியராக்கியது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1912இலேயே மேற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வட கரையோரப் பழங்குடிக் கிராமங்களுக்குப் பயணம் செய்து, அங்கிருந்த குலச்சின்னக் கம்பங்களை வரைந்து வந்த அவர், மறு ஆண்டு வான்கூவரில் தாமே அரங்கை வாடகைக்கு எடுத்து ஏறத்தாழ 200 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். மாகாண அரசு அவற்றை வாங்க முன்வரவில்லை. அதன்பின் விக்டோரியாவில் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டும், நாய்களை வளர்த்து விற்றும், மண்பாண்டங்கள் செய்தும் பிழைத்த ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அவர் வரைந்தவை மிகக் குறைவு. 1927இல் கிடைத்த, சக கனடிய ஓவியர் லாரன் ஹாரிஸின் நட்பு அவருக்குப் பெருந்துணிவு தந்தது உண்மையே. ஆனால் அப்போது அவருக்கு வயது 55. வரையாமல் போன அந்த ஆண்டுகளின் இழப்பைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது என்பதே என் வருத்தம்.