எதற்கெடுத்தாலும் சூடோ!

லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியின் திரையில் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுக்கப்பட்டது) என்று வந்துவிடக் கூடாது. உடனே ஒரு மகானுபாவர் பின்னாலிருந்து குரல் கொடுத்துவிடுவார்: "முன்னால் சூடோ போடு தம்பி, சரியாகிவிடும்." சூடோ என்றால், எதையும் செய்யவல்ல 'ரூட்' என்ற தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு ஒரு கட்டளையை ஓட்டுவது. எந்த ஃபோல்டரில் எழுத அனுமதி மறுக்கப்பட்டது, அது யாருடைய ஃபோல்டர், அங்கே நமக்கு என்ன வேலை என்று ஒரு கேள்வி கிடையாது. பாஸ்வேர்டைத் தட்டியதும் வேலை நடந்துவிடுகிறது. நடந்துவிடுவதுதான் வினையே!

பைதான் மொழிக்கான பேக்கேஜ்களை (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை) இறக்கிப் போடும் பிப்பை சூடோ போட்டு ஓட்டினால், முகம் தெரியாத யாரோ எழுதிய செட்டப் நிரல் ரூட் அதிகாரத்தோடு உங்கள் கணினியில் ஓடக்கூடும். போதாக்குறைக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவோடு வரும் பைதான் நாம் விளையாடிப் பார்ப்பதற்காக வைத்தது அல்ல. அந்த சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதன் தலையில் கைவைத்துவிட்டு, மறுநாள் "அப்டேட் வேலை செய்யவில்லை, லினக்ஸே மோசம்" என்று புலம்ப வேண்டியது!

இதையும் விஞ்சுகிறது '777' கோஷ்டி. அனுமதிதானே பிரச்சினை, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடு என்பது இவர்கள் தத்துவம்; அதற்கான எண்தான் 777. சிஸ்டத்தின் நிரல்கள் குடியிருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதற்கும் அதைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? சூடோ நிரலின்மேல் இருக்கும் செட்யூஐடி குறியும் (யார் ஓட்டினாலும் அதை ரூட் அதிகாரத்தில் ஓட வைப்பது) சேர்ந்து அழிந்துபோகும். அது இல்லாமல் சூடோ ஓடாது. ஆக, கெடுத்ததைச் சரிசெய்ய இருந்த சாவியையும் கிணற்றில் போட்டாயிற்று.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் பக்கம் போனாலும் இதே கூத்துதான். எப்போதோ ஒருமுறை அதன் பேக்கேஜ்களைப் போடும் என்பிஎம்மை சூடோ போட்டு ஓட்டியிருப்பார்கள். பிறகு சாதாரணமாக ஓட்டினால், "உங்கள் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஃபோல்டரில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் இருக்கின்றன, முந்தைய என்பிஎம் பதிப்புகளில் இருந்த பிழை காரணம்" என்று அதுவே வாக்குமூலம் தருகிறது. உங்கள் கோப்புகள் இருக்கும் வீட்டு ஃபோல்டருக்குள் போய்ப் பட்டியலிட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட், ரூட் என்று வரிசையாக நிற்கும். சொந்த வீட்டில் சொந்தக் கோப்பை அழிக்க அனுமதி இல்லை!

இந்த அட்டகாசம் தாங்காமல்தான் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் 2023-இல் வெளியிட்ட 12-ஆம் பதிப்பில் கதவையே சாத்தியது. இனி பிப் நேரடியாக சிஸ்டம் பைதானில் எதையும் போட முடியாது. அந்தப் பிழைச்செய்தி நியாயமானதுதான்: சிஸ்டத்தின் சொந்தப் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாகப் போடு, இல்லையென்றால் சிஸ்டத்தைத் தொடாத தனிச் சூழல் உருவாக்கு, அல்லது அந்தச் சூழலைத் தானே அமைத்துத் தரும் பிப்எக்ஸ் பயன்படுத்து என்று வழி சொல்கிறது. நம்மவர்கள் அத்தனையையும் தாண்டி, கடைசியில் இருக்கும் தடையை மீறச் செய்யும் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற வரியை மட்டும் காப்பி அடிக்கிறார்கள். சிஸ்டம் உடையலாம் என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது ஐயா!

சரி, யோக்கியமாக நடந்துகொள்ளலாம் என்றால் அதற்காவது விடுகிறார்களா? தனிச் சூழல் உருவாக்கும் வென்வ் வசதி 2012-இல் வந்த பைதான் 3.3 முதலே பைதானின் அங்கம். ஆனால் டெபியனும் உபுண்டுவும் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துத் தனி பேக்கேஜாக வைத்திருக்கின்றன. சூழலை உருவாக்கப் போனால், என்சர்பிப் (சூழலுக்குள் பிப்பைப் போடும் பகுதி) இல்லை, முதலில் பைதான்3-வென்வ் பேக்கேஜைப் போடு என்கிறது. அதைப் போட எது வேண்டும்? சூடோ! சொந்த மடிக்கணினி வைத்திருப்பவர் ஒருமுறை போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வார். கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஊழியர் எப்போதும் சாப்பிடப் போயிருப்பார். துணிந்து தட்டினால், "நீ சூடோயர்ஸ் கோப்பில் (சூடோ உரிமை உள்ளவர்கள் பட்டியலில்) இல்லை, இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும்" என்று சில பதிப்புகளில் மிரட்டல் வேறு. பயந்துபோன பிள்ளை, பேக்கேஜும் வேண்டாம் பைதானும் வேண்டாம் என்று எழுந்து போகிறது.

ஆய்வக ஊழியர்களே, விடுமுறை தோறும் எல்லாக் கணினிகளையும் துடைத்து உபுண்டுவைப் புதிதாக ஏற்றுகிறீர்களே, கூடவே அந்த ஒரே ஒரு பேக்கேஜையும் போட்டுவிட்டுப் போனால் உங்கள் கை தேய்ந்துவிடுமா?