ரெக்பிசிடி வெறும் கத்தரி இல்லை

“ரெக்பிசிடி டிஎன்ஏவைத் தின்னும் என்சைம், பழுதுபார்ப்பதோடு சம்பந்தமில்லை” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஈ.கோலை என்ற பாக்டீரியாவில், டிஎன்ஏவின் இரு இழையும் அறுந்த முனையில் அது ஏறும். அதன் பகுதிகளான ரெக்பி ஓர் இழையிலும் ரெக்டி மற்றதிலும் ஓட, செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து நொடிக்குச் சுமார் 1,000 டிஎன்ஏ எழுத்து இணைகளைப் பிரித்தபடியே வெட்டித் தள்ளும். அதுவரை நீங்கள் சொன்னதுதான். அப்புறம் ஜிசிடிஜிஜிடிஜிஜி என்ற 8 எழுத்து எதிர்ப்பட்டதும் சற்று நின்று, வேகம் குறைந்து, அந்த இழையை வெட்டாமல் விட்டு, அதன்மேல் ரெக்ஏ புரதத்தை ஏற்றுகிறது. பழுதில்லாத பிரதியைத் தேடிப் பிடிப்பது இந்த ரெக்ஏதான். ஈ.கோலை டிஎன்ஏவில் அந்த எழுத்துக்கோவை ஏறக்குறைய 1,000 இடங்களில் உண்டு. ஈ.கோலையைத் தாக்கும் லாம்டா வைரஸின் டிஎன்ஏவில் ஒன்றுகூட இல்லை. ரெக்பி இல்லாத ஈ.கோலை கதிர்வீச்சு பட்டால் எளிதில் செத்துப்போகிறதே, சம்பந்தமில்லாமலா?