சுவருக்குள் ஓடும் தண்ணீருக்கு வாடகைக்காரரா பொறுப்பு?

மாரி தொடங்கினால் போதும், மட்டக்களப்பில் வாடகை வீடுகளில் ஒரே சண்டைதான். குளியலறைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். “நீங்கள் கழுவுவதில்லை” என்பார் வீட்டுக்காரர். “உங்கள் சுவர் சரியில்லை” என்போம் நாங்கள். கல்லடியில் நாங்கள் இருந்த வீட்டில் இரண்டு மாரி இப்படியே போனது.

வீட்டுக்கார அக்கா கெட்டவர் இல்லை. “கதவைச் சாத்தியே வைச்சிருக்கிறீங்க தங்கச்சி, காத்துப் போனாத்தானே காயும்” என்றார். அதில் உண்மையும் இருந்தது. ஈரத் துவாய், ஊறவைத்த உடுப்பு வாளி எல்லாம் உள்ளேதான் கிடக்கும். மாற்றினேன். குளித்ததும் தரைத் தண்ணீரை வழித்துத் தள்ளினேன், கிழமைக்கொரு தரம் தேய்த்தேன். மற்றச் சுவர்கள் சுத்தமாகின. பைப் இருந்த சுவரில் மட்டும் பத்தாம் நாளே திரும்பவும் வந்தது. பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளேயிருந்த நீர் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது.

அன்றிரவு எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, டோர்ச் அடித்துத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். சின்ன முள் சுற்றிக்கொண்டே இருந்தது. மேசன் வந்து நாலு டைல்ஸை உடைத்தபோது, உள்ளே பைப்பின் பொருத்து விட்டுப்போய்க் கிடந்தது. அதற்குள் சின்னவனுக்கு இரவிரவாக இழுப்பு. வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் ஆஸ்துமாவோடு தொடர்பு உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2009 இலேயே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. “மேலால பெயின்ட் அடிச்சாச் சரி” என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பூஞ்சணம் யாருடையது என்று சண்டை பிடிக்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளித்த ஈரத்தைக் காயவைப்பது எங்கள் வேலை. பைப், கூரை, சுவர் வழியாக வரும் ஈரம் வீட்டுக்காரருடைய வேலை. ஜன்னலே இல்லாமல் கட்டிய குளியலறையும் அவர் பொறுப்புத்தான். முந்தி எல்லாரும் கிணற்றடியில் குளித்தோம், வெயிலும் காற்றும் தானாகக் காயவைத்தன. இப்போது அறைக்குள் ஒரு மூலையை அடைத்து ‘அட்டாச் பாத்ரூம்’ என்று வாடகையைக் கூட்டுகிறார்கள். ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன்கூடப் போடாமல் எங்களைத் துடைக்கச் சொல்வது நியாயமே இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான். நம் நாட்டில் வாடகை விடயத்துக்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டப்படி, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், வீட்டைப் பாவிக்கக்கூடிய நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. ஆனால் வாய்ப்பேச்சை நம்பி வீடு எடுத்தால் அதைக் கேட்டு நிற்பது கஷ்டம். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். நாங்கள் முற்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிணக்கு வந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கேயும் திகதியோடு எடுத்த படமும் அனுப்பிய மெசேஜும்தான் கைகொடுக்கும்.

அக்கா கடைசியில் பைப்பை மாற்றித் தந்தார், மேசன் கூலியும் அவரே கொடுத்தார். இப்போது இருக்கும் வீட்டுக்கு நொத்தாரிசிடம் சொல்லி ஒரு வரி சேர்த்தோம். தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: “பைப், கூரை, சுவர் என்பவற்றால் ஏற்படும் கசிவை, அறிவித்து பதினான்கு நாட்களுக்குள் உரிமையாளர் தம் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டும்.”