கடற்புல் குப்பையல்ல: கடற்கரைத் தூய்மைப் பணிக்கு முன் ஒரு விளக்கம்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்: "கரை ஒதுங்கும் கடற்பாசி அழுகல் குப்பை, மாணவர்கள் அள்ளி எரிக்க வேண்டும்." இது தவறு.

அங்கே ஒதுங்குவதில் நிறைய பாசியே அல்ல, கடற்புல். அதற்கு வேர் உண்டு, பூவும் பூக்கும். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றிப் பரப்பினால் நாடா போன்ற இலைகள் தெரியும். கணுவில் வேர் ஒட்டியிருப்பதும் உண்டு. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு இதுவே முக்கிய உணவு. அது ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். ஒதுங்கிய குவியல் மணலைப் பிடித்துவைக்கும், அதிலுள்ள சிற்றுயிர்களைப் பறவைகள் கொத்தும். வாரியால் இழுத்தால் மணலும் சேர்ந்து போய்விடும்.

மாணவர்களைக் கையுறையோடு பிளாஸ்டிக்கையும் வலைத்துண்டுகளையும் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். புல்லில் சிக்கிய மீன்பிடி நரம்பை (நைலான் இழையை) இழுக்காமல் ஆசிரியரே கத்தரியால் வெட்டி எடுக்கட்டும். செத்த பவளத்துண்டையும் கண்காட்சிக்கு எடுக்கக்கூடாது. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.